மின்கம்பிக் கணக்கில் முளைத்த கம்ப்யூட்டர்: எம்.ஐ.டி.யின் ஆறாம் துறை

பொறியியல் கலந்தாய்வுக்குப் போகும் பிள்ளைகளுக்கு ஈ.ஈ.ஈ., ஈ.சி.ஈ., சி.எஸ்.ஈ. மூன்றும் மூன்று தனி உலகங்கள். இது கிடைக்காவிட்டால் அது என்று வரிசை போடுவார்கள். மூன்றும் ஒரே வீட்டில் பிறந்தவை என்று அவர்களுக்கு யாரும் சொல்வதில்லை. அந்த வீட்டை நேரில் பார்க்க வேண்டுமானால் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்துக்கு, சுருக்கமாக எம்.ஐ.டி.க்குப் போக வேண்டும். (குரோம்பேட்டையிலும் ஓர் எம்.ஐ.டி. உண்டு. இந்தக் கட்டுரை அதைப் பற்றியது அல்ல.)

அங்கே துறைகளைப் பெயரைவிட எண்ணால்தான் அழைப்பார்கள். இயற்பியல் 8, கணிதம் 18. மின்பொறியியலும் கணினி அறிவியலும் சேர்ந்த துறைக்கு எண் 6. மின்மாற்றியைப் பற்றிப் படிப்பவரும், சிப் வடிவமைப்பவரும், செயற்கை நுண்ணறிவுக்கு நிரல் எழுதுபவரும் தங்களை 'கோர்ஸ் சிக்ஸ்' என்றுதான் சொல்லிக்கொள்வார்கள்.

இவர்கள் எல்லாரும் ஏன் ஒரே துறையில்? கம்ப்யூட்டருக்கு மின்சாரம் வேண்டும், அதனால்தான் என்று பலர் நினைப்பதுண்டு. அப்படிப் பார்த்தால் குளிர்சாதனப் பெட்டிக்கும் மின்சாரம் வேண்டும். உண்மையான காரணம் வேறு. மின்கம்பிகளுக்குக் கணக்குப் போட முடியாமல் திணறிய மின்பொறியாளர்கள், அந்தத் திணறலைத் தீர்க்கக் கணக்கிடும் இயந்திரங்களைக் கட்டினார்கள். அந்த இயந்திரங்களைச் சுற்றித்தான் கணினி இயல் வளர்ந்தது.

1882 செப்டம்பர் 4 அன்று நியூயார்க்கின் பேர்ல் தெருவில் எடிசனின் மின்நிலையம் ஓடத் தொடங்கியது. அதே ஆண்டு எம்.ஐ.டி.யின் இயற்பியல் துறையில் சார்லஸ் கிராஸ் என்ற பேராசிரியர் மின்பொறியியலுக்கென்றே ஒரு பாடத்திட்டத்தைத் தொடங்கினார். அமெரிக்காவில் இத்தகைய பாடத்திட்டங்களில் இதையே முதலாவது என்று சொல்வது வழக்கம். ஊருக்கு மின்விளக்கு வரும் முன்பே அதற்கான பாடம் வந்துவிட்டது என்றுகூடச் சொல்லலாம். 20 ஆண்டுகள் அது இயற்பியலின் நிழலிலேயே இருந்தது. 1902-ல்தான் தனித்துறை ஆனது. அப்போது எம்.ஐ.டி. பாஸ்டன் நகரத்துக்குள் இருந்தது. சார்லஸ் ஆற்றைக் கடந்து கேம்பிரிட்ஜில் இப்போதுள்ள இடத்துக்கு வந்தது 1916-ல்.

1907-ல் விஸ்கான்சினிலிருந்து வந்து தலைமை ஏற்ற டூகால்ட் ஜாக்சன் 1935 வரை, 28 ஆண்டுகள், அந்த நாற்காலியில் இருந்தார். அவர் மின் நிறுவனங்களோடு நெருங்கிப் பழகிய ஆலோசகர். மாணவர்கள் பாதிக்காலம் வகுப்பிலும் பாதிக்காலம் தொழிற்சாலையிலும் இருக்க வேண்டும் என்று நினைத்தார். ஜெனரல் எலக்ட்ரிக் நிறுவனத்தோடு சேர்ந்து 1917-ல் அப்படி ஒரு திட்டம் தொடங்கியது. தொழிற்சாலைக்குப் போன மாணவர்கள் அங்கிருந்து திரும்பும்போது அங்கே தீராமல் கிடந்த சிக்கல்களையும் கொண்டுவந்தார்கள். துறையின் போக்கை முடிவு செய்தவை அந்தச் சிக்கல்கள்தான்.

கணக்கு எங்கே மாட்டியது?

ஒரு மின்நிலையம், ஓர் ஊர் என்று இருந்த வரை பெரிய கணக்குக்கு வேலை இல்லை. பிறகு தொலைவிலுள்ள அணைகளிலிருந்து நகரங்களுக்கு நீண்ட கம்பிகள் இழுத்தார்கள். பல மின்நிலையங்களை ஒன்றோடொன்று இணைத்தார்கள். இப்படி இணைந்த ஜெனரேட்டர்கள் எல்லாம் ஒரே தாளத்தில் சுழல வேண்டும். ஒரு நுகத்தில் பூட்டிய மாடுகளைப்போல, ஒன்று இடறினால் மற்றதையும் சேர்த்து இழுத்துவிடும். எங்கோ இடி விழுந்து கம்பி ஷார்ட் ஆகிறது. நூறு மைலுக்கு அப்பால் ஓடும் ஜெனரேட்டர் தாளத்தை மீட்டுக்கொள்ளுமா, இல்லை தடுமாறி மொத்த வலையமைப்பையும் இருட்டாக்கிவிடுமா? இதைச் சொல்லும் சமன்பாடுகளை எழுதிவிடலாம். பென்சிலும் காகிதமும் வைத்துக்கொண்டு தீர்ப்பதுதான் பெரும்பாடு.

அந்தக் காலத்தில் இப்படிப்பட்ட கணக்குகளைப் போடுவதற்கென்றே நிறுவனங்கள் ஆட்களை வைத்திருந்தன. அவர்களில் பலர் பெண்கள். அமெரிக்கத் தொலைபேசி நிறுவனமான ஏ.டி. அண்ட் டி.யில் அப்படி ஒரு வேலையில் இருந்தவர் ஈடித் கிளார்க். அவர் எம்.ஐ.டி.யில் சேர்ந்து 1919-ல் மின்பொறியியலில் முதுநிலைப் பட்டம் வாங்கினார். அந்தத் துறையில் அந்தப் பட்டத்தை வாங்கிய முதல் பெண் அவர்தான். பட்டத்தோடு வந்தும் பொறியாளர் வேலை உடனே கிடைக்கவில்லை. ஜெனரல் எலக்ட்ரிக் நிறுவனத்தில் கணக்கு போடும் பெண்களை மேற்பார்வையிடும் வேலைதான் கிடைத்தது. நீண்ட மின்கம்பிகளின் கணக்கை எளிதாக்கும் வரைபடக் கருவி ஒன்றை உருவாக்கி 1925-ல் காப்புரிமை பெற்றார். பின்னாளில், 1947-ல், டெக்சாஸ் பல்கலைக்கழகத்தில் மின்பொறியியல் பேராசிரியரானார். இந்தத் துறையின் வரலாற்றைச் சொல்பவர்கள் பெரும்பாலும் ஆண்களின் பெயர்களை வரிசையாகச் சொல்லிவிட்டு இவரை ஓர் அடிக்குறிப்பில் வைத்துவிடுகிறார்கள். என்னைக் கேட்டால், மின்கம்பிக்கும் கணக்கு இயந்திரத்துக்கும் உள்ள உறவை இவரைவிடத் தெளிவாகக் காட்டும் வாழ்க்கை வேறில்லை.

கிளார்க் பட்டம் வாங்கிய அதே 1919-ல் அங்கே ஆசிரியராகச் சேர்ந்தவர் வானவர் புஷ். அவர் வழி வேறு. கணக்கைக் காகிதத்தில் சுருக்குவதற்குப் பதில், கணக்கையே ஓர் இயந்திரமாகக் கட்டிவிடலாம் என்றார். அவரும் ஹெரால்ட் ஹேஸன் முதலான மாணவர்களும் சேர்ந்து 1931 வாக்கில் வகைக்கெழுப் பகுப்பி என்ற பெரிய இயந்திரத்தை முடித்தார்கள். அறை நிறைய நீளநீளமான இரும்புத் தண்டுகள், பற்சக்கரங்கள், மோட்டார்கள்.

அதன் மூளை எளிமையானது. கிடைமட்டமாகச் சுழலும் ஒரு தட்டு. அதன்மேல் செங்குத்தாக உரசி நிற்கும் ஒரு சிறு சக்கரம். சக்கரம் தட்டின் நடுவில் இருந்தால் சுழலாது. ஓரத்துக்கு நகர நகர வேகம் கூடும். நடுவிலிருந்து எவ்வளவு தள்ளி இருக்கிறது என்பது ஓர் அளவைக் குறித்தால், சக்கரம் மொத்தம் எத்தனை சுற்றுச் சுற்றியது என்பது அந்த அளவின் தொகையீடு. பிளஸ் டூவில் இன்டெக்ரேஷன் என்று படித்தோமே, அதையே இரும்பில் செய்திருக்கிறார்கள். இப்படி 6 தொகையிடும் அலகுகளைத் தண்டுகளால் ஒன்றோடொன்று கோத்தால் சிக்கலான சமன்பாடு ஒன்று இயந்திரமாகவே சுழலும். விடை ஒரு பேனாவால் வளைகோடாக வரையப்படும். புதுக் கணக்கு வேண்டுமென்றால் ஸ்பேனரை எடுத்துக்கொண்டு தண்டுகளைக் கழற்றி வேறு மாதிரி மாட்ட வேண்டும்.

இதற்குச் சற்று முன்பு, 1929-ல், ஹேஸன் ஜெனரல் எலக்ட்ரிக்கோடு சேர்ந்து இன்னொன்றையும் கட்டினார். ஒரு மாநிலத்தின் மின்வலையமைப்பை அப்படியே சிறிதாக்கி ஓர் அறைக்குள் வைக்கும் கருவி அது. மின்தடைகளும் சுருள்களும் மின்தேக்கிகளும் உண்மையான கம்பிகளுக்குப் பதிலாக நிற்கும். மின் நிறுவனப் பொறியாளர்கள் தங்கள் ஊர் வரைபடத்தோடு வந்து, இந்தக் குட்டி வலையமைப்பில் வேண்டுமென்றே பழுது உண்டாக்கி, என்ன ஆகிறது என்று பார்த்துக்கொண்டு போவார்கள்.

இன்னொரு கிளைக்கதையும் இங்கே சொல்லிவிட வேண்டும். பழுது நேரும்போது மோட்டாரின் சுழலி என்ன செய்கிறது என்று கண்ணால் பார்க்க விரும்பினார் ஹெரால்ட் எட்ஜர்ட்டன் என்ற மாணவர். சுழற்சிக்கு ஏற்ற வேகத்தில் விட்டுவிட்டு மின்னும் விளக்கை அடித்தால், சுழல்வது நிற்பதுபோலத் தெரியும். அந்த விளக்கைத்தான் பிறகு அவர் எல்லாவற்றின் மேலும் அடித்துப் படம் எடுத்தார். பால்துளி விழுந்து கிரீடமாகத் தெறிக்கும் அந்தப் புகழ்பெற்ற புகைப்படம் அவருடையது. அதற்கும் வேர் மின்வலையமைப்புதான்.

மாடிப்படி விளக்கும் ஷானனும்

1936-ல் மிச்சிகனிலிருந்து 20 வயது இளைஞர் ஒருவர் வந்து சேர்ந்தார். கணிதத்திலும் மின்பொறியியலிலும் இரட்டைப் பட்டம். பெயர் கிளாட் ஷானன். புஷ்ஷின் இயந்திரத்தைக் கவனித்துக்கொள்வது அவருக்குக் கிடைத்த வேலை. அந்த இயந்திரத்தின் கட்டுப்பாட்டுப் பகுதியில் நூற்றுக்கும் மேற்பட்ட ரிலேக்கள் இருந்தன. ரிலே என்றால் மின்சாரத்தால் தானே திறந்து மூடும் சுவிட்ச். எந்த ரிலே எப்போது திறக்க வேண்டும் என்பதை அதுவரை அனுபவத்தால் ஊகித்துத்தான் வடிவமைத்தார்கள்.

ஷானன் மிச்சிகனில் தத்துவப் பாடத்தில் ஜார்ஜ் பூலின் தருக்க இயற்கணிதத்தைப் படித்திருந்தார். உண்மை, பொய் என்ற இரண்டே மதிப்புகளை வைத்துக் கணக்குப் போடும் 19-ஆம் நூற்றாண்டுக் கணிதம் அது. சுவிட்சுக்கும் இரண்டே நிலைதான். இரண்டு சுவிட்சுகளைத் தொடராக இணைத்தால், இதுவும் அதுவும் மூடினால்தான் மின்சாரம் போகும். பக்கஇணைப்பாக இணைத்தால், இது அல்லது அது மூடினால் போதும்.

நம் வீட்டு மாடிப்படி விளக்கை எடுத்துக்கொள்ளுங்கள். கீழே ஒரு சுவிட்ச், மேலே ஒரு சுவிட்ச். எதைத் தட்டினாலும் எரியும் விளக்கு அணையும், அணைந்த விளக்கு எரியும். இரண்டு சுவிட்சும் ஒரே நிலையில் இருக்கும்போது விளக்கு அணைந்திருக்கும்படி கம்பி இழுத்திருக்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். அப்படியானால் இரண்டும் வேறுவேறு நிலையில் இருந்தால் விளக்கு எரியும். இது ஒரு தருக்க வாக்கியம். இரண்டு ஒற்றை இலக்க இரும எண்களைக் கூட்டும்போது கடைசி இலக்கம் என்ன என்பதும் இதே வாக்கியம்தான்: 0-உம் 1-உம் சேர்ந்தால் 1, 1-உம் 1-உம் சேர்ந்தால் 0, மிச்சம் கைக்கு 1. ஆக, மாடிப்படி விளக்குக்குக் கம்பி இழுக்கத் தெரிந்தவருக்குக் கூட்டல் இயந்திரத்தின் பாதி தெரியும்.

இந்தப் பொருத்தத்தை ஷானன் 1937-ல் முதுநிலை ஆய்வேடாக எழுதினார். மறு ஆண்டு அது அச்சில் வந்தது. சுவிட்சுகளால் கணக்கு போடும் சுற்றை எப்படிக் கட்டுவது என்றும் அதில் வரைந்து காட்டியிருந்தார். ஜப்பானில் நகாஷிமா அகிரா என்ற பொறியாளரும் ஏறக்குறைய அதே ஆண்டுகளில் இதே திசையில் எழுதியிருக்கிறார் என்பதையும் சொல்லத்தான் வேண்டும். ஆனால் இன்றைய சிப் வடிவமைப்புப் பாடம் ஷானன் வழியாகவே வந்தது. எனக்கு இதில் பிடித்த விஷயம் ஒன்று உண்டு. தண்டும் பற்சக்கரமும் கொண்ட இயந்திரத்தின் ஓரத்தில், அதன் முக்கியக் கணக்கைப் போடாத ரிலே பெட்டியில் இருந்துதான் எதிர்காலம் வந்தது. நடுவில் சுழன்ற பெரிய சக்கரங்கள் அருங்காட்சியகத்துக்குப் போய்விட்டன.

போர், மரக்கட்டடம், மனத்தாங்கல்

1940 இலையுதிர் காலத்தில் பிரிட்டிஷ் தூதுக்குழு ஒன்று ரகசியமாகக் கொண்டுவந்த, நுண்ணலைகளை உண்டாக்கும் மேக்னட்ரான் என்ற சிறு கருவி எல்லாவற்றையும் மாற்றியது. அதை வைத்து ரேடார் செய்ய எம்.ஐ.டி.யில் ஓர் ஆய்வகம் தொடங்கினார்கள். எதிரிக்குப் புரியக்கூடாது என்று அதற்குக் கதிர்வீச்சு ஆய்வகம் என்று பெயர் வைத்தார்கள். உச்சத்தில் சுமார் 4,000 பேர் வேலை செய்தார்கள். இடம் போதாமல் 1943-ல் அவசரமாக ஒரு மரக்கட்டடம் எழும்பியது. போர் முடிந்ததும் இடிப்பதாக ஏற்பாடு. அந்த 20-ஆம் எண் கட்டடம் 1998 வரை நின்றது. அதன் இடத்தில்தான் இப்போது கோணல்மாணலான ஸ்டாட்டா மையம் இருக்கிறது.

இந்த ரேடார் வேலையை முன்னின்று நடத்தியவர்கள் இயற்பியலாளர்கள். மின்பொறியாளர்களின் வீட்டு வாசலில் நடந்த மின் வேலையில், அவர்கள் இரண்டாம் வரிசையில் நின்றார்கள். நுண்ணலைகளைக் கையாள அடிப்படை இயற்பியலும் கணிதமும் வேண்டியிருந்தது. மோட்டார் கையேடு உதவவில்லை. இந்த மனத்தாங்கல் துறைக்குள் பல ஆண்டுகள் இருந்தது.

அதை மருந்தாக மாற்றியவர் கோர்டன் பிரவுன். ஆஸ்திரேலியாவில் பிறந்தவர். 1940-ல் பீரங்கிகளையும் இயந்திரங்களையும் தானாகத் திருப்பி நிறுத்தும் கட்டுப்பாட்டு ஆய்வகத்தை அங்கே தொடங்கியவர். 1952-ல் துறைத்தலைவர் ஆனதும் பாடத்திட்டத்தைத் தலைகீழாகப் புரட்டினார். ஜெனரேட்டர், மின்மாற்றி, மின்கடத்தல் என்று கருவிவாரியாக நடத்திய பாடங்கள் சுருங்கின. மின்காந்தப் புலம், சுற்றுகளின் கோட்பாடு, மின்னணுவியல், சமிக்ஞை என்ற அறிவியல் அடிப்படைகள் மேலே வந்தன. ஃபோர்டு அறக்கட்டளையின் பணத்தோடு இந்த முறை மற்ற கல்லூரிகளுக்கும் பரவியது. 1962 முதல் 1972 வரை கான்பூர் ஐ.ஐ.டி.யை உருவாக்க உதவிய 9 அமெரிக்கக் கல்வி நிறுவனங்களில் எம்.ஐ.டி.யும் ஒன்று. அந்த வழியாக இந்த முறையின் சாயல் இந்தியாவுக்கும் வந்தது.

பிரவுன் செய்தது சரியா? கணினிக்கு அந்தத் துறையில் இடம் கிடைத்தது இந்த மாற்றத்தால்தான் என்பதால் சரி என்றே சொல்வேன். ஆனால் அதற்குக் கொடுத்த விலையை மறைக்கக்கூடாது. துறையைப் பெற்றெடுத்த மின்கடத்தல் பாடம் அதன் பிறகு ஓரத்துக்குப் போய், பழைய படிப்பு என்ற பெயரை வாங்கிக்கொண்டது.

சூறாவளி

பிரவுனின் ஆய்வகத்தில் இருந்தவர் ஜே ஃபாரஸ்டர். 1944-ல் கடற்படை அவரிடம் விமானிகளுக்கான பயிற்சிக் கருவி கேட்டது. விமானி விசையை இழுத்ததும் கருவி அந்த நொடியே பதில் சொல்ல வேண்டும். முதலில் புஷ் பாணியில் தொடங்கி, அது போதாது என்று தெரிந்ததும் எண்முறை (டிஜிட்டல்) கணினிக்கு மாறினார்கள். வேர்ல்விண்ட் என்று பெயர் வைத்தார்கள். சூறாவளி. 1951-ல் அது முழுமையாக ஓடத் தொடங்கியபோது விமானப் பயிற்சியை எல்லாரும் மறந்துவிட்டார்கள். அமெரிக்க வான்பாதுகாப்பு வலையமைப்புக்கு அது முன்மாதிரி ஆனது.

அதன் பெரிய தலைவலி நினைவகம். வால்வு மாதிரியான விலையுயர்ந்த குழல்களில் தகவலை வைத்தார்கள். அவை அடிக்கடி பழுதாயின. ஃபாரஸ்டர் கண்டுபிடித்த தீர்வு காந்த வளையம். மணி அளவுள்ள சிறு வளையங்களைக் கம்பிவலையின் சந்திப்புகளில் கோத்துவிடுவது. வளையத்தை ஒருபக்கமாகக் காந்தமாக்கினால் 1, மறுபக்கமாக என்றால் 0. ஒரு வளையத்தைப் புரட்டத் தேவையான மின்னோட்டத்தில் பாதியைக் குறுக்குக் கம்பியிலும் பாதியை நெடுக்குக் கம்பியிலும் அனுப்புவார்கள். இரண்டும் சந்திக்கும் அந்த ஒரே வளையம் மட்டும் புரளும். மற்றவை அசையாது. 1953-ல் இது வேர்ல்விண்டில் ஏறியது. அடுத்த இருபது ஆண்டுகளுக்கு உலகின் பெரும்பாலான கணினிகள் இந்த வளையங்களில்தான் நினைவு வைத்தன. காந்தத்தையும் கம்பியையும் கையால் அறிந்த ஒருவருக்குத் தோன்றக்கூடிய யோசனை இது. கணினித்துறை கணிதக் கட்டடத்தில் மட்டும் வளர்ந்திருந்தால் இது எப்போது வந்திருக்குமோ தெரியாது.

பிறகு நடந்தவை வேகமாக நடந்தன. டிரான்சிஸ்டரால் ஆன டி.எக்ஸ்-0 கணினி 1958-ல் வளாகத்துக்கு வந்தது. மாணவர்கள் இரவெல்லாம் அதோடு கிடந்தார்கள். 1962-ல் பி.டி.பி-1 கணினியில் விண்வெளிச் சண்டை விளையாட்டு ஒன்றை எழுதினார்கள். ஜான் மெக்கார்த்தியும் மார்வின் மின்ஸ்கியும் செயற்கை நுண்ணறிவுக் குழுவைத் தொடங்கினார்கள். ஒரே கணினியைப் பலர் ஒரே நேரத்தில் பயன்படுத்தும் முறையை 1961-ல் ஃபெர்னாண்டோ கோர்பாட்டோ காட்டினார். 1963-ல் அதைப் பெரிதாக்க அரசுப் பணத்தோடு ஒரு திட்டம் வந்தபோது தலைமை ஏற்றவர் ராபர்ட் ஃபானோ, மின்பொறியியல் பேராசிரியர். இதே காலத்தில் அதே துறையில் ஒலியியல் கற்பித்துக்கொண்டே ஸ்பீக்கர் நிறுவனம் தொடங்கினார் அமர் போஸ். அவர் தந்தை வங்காளத்திலிருந்து வந்தவர்.

பிரியலாமா?

இங்கேதான் எல்லாப் பல்கலைக்கழகங்களும் ஒரே கேள்வியைச் சந்தித்தன. பர்டூ 1962-லேயே கணினி அறிவியலுக்குத் தனித்துறை வைத்தது. ஸ்டான்ஃபோர்டில் 1965-ல் கணிதத்திலிருந்து பிரிந்து தனித்துறை ஆனது. பெர்க்லியில் கணினிக்காரர்கள் தனியே போய், சில ஆண்டுகளில் மறுபடி மின்பொறியியலோடு சேர்க்கப்பட்டார்கள். எம்.ஐ.டி. பிரியாமல், 1975-ல் துறையின் பெயரை மட்டும் மாற்றியது: மின்பொறியியல் மற்றும் கணினி அறிவியல். எண் அதே 6.

பெயர் மாற்றம் சடங்கு அல்ல. பின்வந்த பல ஆண்டுகள், நிரல் எழுத மட்டும் வந்த மாணவரும் மின்சுற்றுப் பாடம் படித்தாக வேண்டும், சுற்று மட்டும் போதும் என்றவரும் நிரலாக்கம் படித்தாக வேண்டும். இது பலருக்கு எரிச்சலூட்டியது. 2000-களின் பிற்பகுதியில் அந்த அடிப்படைப் பாடங்களைக் கலைத்து, சிறு ரோபோக்களை வைத்து இரண்டையும் ஒன்றாகத் தொடங்கும் பாடத்தைக் கொண்டுவந்தார்கள்.

கடைசிப் பெரிய மாற்றம் பணத்தோடு வந்தது. கணினியியலுக்கென்று 100 கோடி டாலர் செலவில் ஒரு கல்லூரி அமைப்பதாக எம்.ஐ.டி. 2018 அக்டோபரில் அறிவித்தது. அதில் 35 கோடி, நிதி முதலீட்டாளர் ஸ்டீபன் ஷ்வார்ஸ்மன் கொடுத்தது. இப்போது பிரிந்துவிடும் என்று எதிர்பார்த்தவர்கள் உண்டு. பிரியவில்லை. 2020-ல் துறையை உள்ளுக்குள் மூன்றாக வகுத்தார்கள்: மின்பொறியியல், கணினி அறிவியல், செயற்கை நுண்ணறிவும் முடிவெடுத்தலும். மூன்றுக்கும் சேர்த்து ஒரே துறை, ஒரே எண். ஒரு நிர்வாக விசித்திரமும் ஒட்டிக்கொண்டது. துறை இப்போது பொறியியல் பள்ளிக்கும் புதிய கல்லூரிக்கும் பொதுவானது. துறைத்தலைவர் இரண்டு டீன்களுக்குப் பதில் சொல்ல வேண்டும்.